தாழ்வாரத்தை அடைத்தேன், வரி எவ்வளவு ஏறியது?

2024 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, பின்பக்கத் தாழ்வாரத்துத் தூணில் பெயிண்ட் உப்பியிருக்கிறதே என்று ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். முனை பிடிவரைக்கும் உள்ளே போனது. கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் 1963-ல் கட்டிய ஒற்றைத்தள வீடு எங்களுடையது. பின்சுவரை ஒட்டிப் பத்துக்குப் பதினாறு அடியில் ஒரு கான்கிரீட் தளம், மேலே வீட்டுக் கூரையோடு சேர்ந்த சாய்கூரை, அதைத் தாங்க மூன்று மரத்தூண்கள். மூன்றில் இரண்டு அடியோடு மக்கியிருந்தன.

தூணை மட்டும் மாற்றிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்றிருந்தேன். "எப்படியும் பிரிக்கத்தானே போறோம், சுத்திவர அடைச்சு ஒரு ரூமாக்கிடலாமே" என்றாள் மனைவி. ஆசையாகத்தான் இருந்தது. பயமும் இருந்தது, காரணம் வரி.

இங்கே தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது வீட்டு விஷயம் பேசாத அப்பாக்கள் கிடையாது. அங்கே எனக்குக் கிடைத்த ஞானம் இதுதான்: "பெர்மிட் எடுத்தீங்கன்னா தொலைஞ்சீங்க. வீடு பூராத்துக்கும் இன்னைய ரேட்டுல மதிப்பு போட்டுடுவாங்க." சொன்னவர் ஒருவரல்ல, நாலு பேர். நாலு பேரும் இன்னொருவரிடம் கேட்டதைத்தான் சொன்னார்கள் என்பது பிறகு தெரிந்தது.

பயத்துக்கு நியாயம் உண்டு. இந்த மாநிலத்தில் 1978 ஜூனில் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த புரொபொசிஷன் 13 இருக்கிறது. வீட்டை வாங்கிய விலைதான் வரிக்கான அடிப்படை மதிப்பு. அது ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வரி அந்த மதிப்பில் 1 சதவீதம், அதற்கு மேல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன்பத்திரங்களுக்கான கொசுறு. நாங்கள் 2014-ல் 7 லட்சம் டாலருக்கு வாங்கினோம். பத்து ஆண்டு ஏற்றத்துக்குப் பிறகு வரி மதிப்பு 8 லட்சத்து 41 ஆயிரம். எங்கள் ஊரில் எல்லாம் சேர்த்து 1.2 சதவீதம், ஆக ஆண்டுக்கு 10,100 டாலர் சுமார். பக்கத்து வீடு அச்சு அசலாக எங்கள் வீடுதான், சமையலறை மட்டும் இடவலமாகத் திரும்பியிருக்கும். அவர்கள் 2022-ல் 16 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வாங்கினார்கள், கிட்டத்தட்ட 20,000 கட்டுகிறார்கள். ஒரு தாழ்வாரத்தை அடைக்கப்போய் நாமும் அந்த வரிசையில் நிற்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மதிப்பீட்டு அலுவலகத்துக்கே போன் போட்டேன். இருபது நிமிஷம் காத்திருந்தபின் எடுத்த அம்மாள் பொறுமையாக விளக்கினார். பிறகு சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன், வருவாய் மற்றும் வரிச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு. புதிதாகச் சேர்த்த பகுதிக்கு மட்டும்தான் இன்றைய சந்தை மதிப்பு. பழைய வீடு பழைய மதிப்பிலேயே நிற்கும், அதை யாரும் தொடுவதில்லை. தமிழ்ப் பள்ளி வாசல் ஞானம் அங்கேயே செத்தது.

மக்கிய தூணுக்குப் பதில் அதே மாதிரி புதுத்தூண், பழைய ஓட்டுக்குப் பதில் புது ஓடு என்றால் அது பழுதுபார்ப்பு. மறுமதிப்பீடே கிடையாது. கொசுவலை அடித்து மறைத்தால் சேர்ப்புதான், ஆனால் மதிப்பு சொற்பம். சுவரும் கண்ணாடியும் வைத்து அடைத்தால் அது புதுக் கட்டுமானம். அதிலும் சூடாக்கி, குளிரூட்டி இருந்து வீட்டோடு ஒன்றாகக் கலந்த அறைக்கு ஒரு மதிப்பு. அவை இல்லாத, நடுவில் பழைய வெளிக்கதவு அப்படியே நிற்கிற கண்ணாடி அறைக்கு அதைவிடக் குறைந்த மதிப்பு. இங்கே பகலில் வெயிலும் ராத்திரியில் ஒரு ஸ்வெட்டரும் போதும். ஏசி வேண்டாம் என்று முடிவு செய்தேன். வரிக்காகப் பாதி, மின்கட்டணத்துக்காக மீதி.

பெர்மிட் இல்லாமல் சத்தமில்லாமல் முடித்துவிடு என்று சொன்னவர்களும் உண்டு. அதில் பைசா லாபமில்லை. விட்டுப்போன மதிப்பைப் பின்னால் கண்டுபிடித்தால் பொதுவாக நாலு ஆண்டு பின்னோக்கி வரி போட முடியும். வீட்டை விற்கும்போது வாங்குபவரிடம் வேறு சொல்லியாக வேண்டும்.

ஏப்ரலில் மாமனாரும் மாமியாரும் கும்பகோணத்திலிருந்து வந்தார்கள். மாமா முப்பது வருஷம் நகராட்சியில் வருவாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டு வரிக்கு டேப் பிடித்தே காலம் தள்ளியவர். வந்த மறுநாளே அந்தத் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதைத் திண்ணையாக்கிவிட்டார். நான் வரி விவகாரத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, பிரிக்கிறதுக்கு முன்னாடி இருக்கறத அளந்து எழுதி வச்சுக்குங்க. நாளைக்கு அளக்க வர்றவன் கண்ணுக்கு எல்லாமே புதுசாத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது."

சிரித்தேன். ஆனாலும் அவர் சொன்னபடி செய்தேன். தளத்தின் நீள அகலம், கூரை உயரம், விளக்கு, ஒரு ஸ்விட்ச் எல்லாவற்றையும் டேப்பை வைத்தபடியே படம் எடுத்தேன். ஒரு படத்தில் மாமா காபி டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், தலைக்கு மேலே கூரைச் சட்டங்கள் வரிசையாகத் தெரிகின்றன, காலடியில் தளத்தின் விளிம்பு. நகர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை.

பெர்மிட்டுக்கான வரைபடத்தை நானே வரைந்தேன். நகராட்சியில் முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பினார்கள், நான் கனவிலும் நினைக்காத காரணத்துக்கு. ஒரு படுக்கையறையின் ஜன்னல் தாழ்வாரத்துக்குள் திறக்கிறது. நெருப்பு பிடித்தால் படுக்கையறையிலிருந்து ஜன்னல் வழியாக நேரே வெட்டவெளிக்கு வர வேண்டும் என்பது விதி. தாழ்வாரத்தை அடைத்தால் அந்த ஜன்னல் இன்னொரு அறைக்குள் திறப்பதாகிவிடும். ஆகவே அந்தப் படுக்கையறையின் பக்கச் சுவரில் இருந்த சின்ன ஜன்னலைப் பெரிதாக்கச் சொன்னார்கள். திறந்தால் ஆள் நுழையும் இடைவெளி 5.7 சதுர அடி, உயரம் 24 அங்குலம், அகலம் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் ஜன்னலின் அடிவிளிம்பு இருக்கக் கூடாது. கூடுதலாக 1,100 டாலர். பின்பக்கத்தை அடைக்க நினைப்பவர்கள் எந்தெந்த ஜன்னல் அந்தப் பக்கம் திறக்கிறது என்று முதலில் உள்ளே போய்ப் பாருங்கள்.

பெர்மிட் விண்ணப்பத்தில் வேலை விவரம் என்று ஒரு வரி இருக்கும். முதலில் "புது அறை சேர்த்தல்" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, "இருக்கும் கூரையிட்ட தாழ்வாரத்தை அடைத்தல், 160 சதுர அடி, சூடாக்கி குளிரூட்டி இல்லை, இருக்கும் கூரையும் தளமும் அப்படியே" என்று எழுதினேன். செய்வது அதைத்தானே. பெர்மிட்டின் நகலை மதிப்பீட்டு அலுவலகத்துக்கு நகராட்சி அனுப்பியே ஆக வேண்டும் என்று அதே சட்டத்தின் 72-ஆவது பிரிவு சொல்கிறது. வரி போடுபவர் வீட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த ஒரு வரியைத்தான் பார்க்கிறார்.

ஜூலையில் தோண்ட ஆரம்பித்தோம். பழைய தளம் நாலு அங்குலக் கனம், அதற்கு அடியில் அஸ்திவாரம் என்று எதுவும் இல்லை. சுவர் இனிக் கூரையைத் தாங்கப்போவதால் மூன்று பக்கமும் ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் அஸ்திவாரம் கேட்டார்கள். கூரைக்கு முட்டுக்கொடுத்துத் தூண்களைக் கழற்றினேன். வாடகைக்கு எடுத்த வைர ரம்பத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே தளத்தின் ஓரத்தை வெட்டி எடுத்தேன். பத்தும் பதினாறும் பத்துமாக 36 அடி நீளம், ஆகவே 36 கன அடி கான்கிரீட். 80 பவுண்டு மூட்டை ஒன்று 0.6 கன அடி தரும். அறுபது மூட்டை. காகிதத்தில் அறுபது என்று எழுதுவது சுலபம். நாற்பதாவது மூட்டைக்குப் பிறகு நானும் நண்பனும் பேசிக்கொள்ளவில்லை.

ஈரக் கான்கிரீட்டில் அரை அங்குல ஆங்கர் போல்ட்டுகளை நட்டுவைத்து, இறுகியபின் அடிச்சட்டத்தை அதில் மாட்டி நட்டு முடுக்கினேன். சட்டத்தின் முனையிலிருந்து ஓரடிக்குள் ஒன்று, நடுவில் ஆறு அடிக்கு மிகாத இடைவெளி. எல்லாம் சரியாக இருந்தது. பரிசோதகர் வந்தார், குனிந்தார், ஒரு வாஷரை விரலால் தட்டினார். இல்லை என்று தலையசைத்தார். நான் போட்டிருந்தது போல்ட்டோடு வந்த சின்ன வட்ட வாஷர். இது நிலநடுக்கப் பிரதேசம். மூன்றுக்கு மூன்று அங்குலச் சதுரத் தகடு, கால் அங்குலக் கனத்தில் வேண்டும். ஆட்டம் வரும்போது சின்ன வாஷர் மரத்தைப் பிளந்துகொண்டு மேலேறிவிடும் என்று கையால் செய்து காட்டினார். முதல் பரிசோதனையில் தோல்வி.

கடையில் ஒன்று மூன்றரை டாலர். பத்து வாங்கினேன். ஆனால் ஒரு மூலையில் போல்ட் சட்டத்தின் நடுவில் இல்லாமல் வெளிவிளிம்புக்குத் தள்ளியிருந்ததால் சதுரத் தகடு வெளியே துருத்தியது. அந்த ஒன்றுக்காகப் பக்கத்தில் புதுத்துளை போட்டு, எபாக்சிப் பசை ஊற்றி வேறு போல்ட் இறக்க வேண்டியிருந்தது. அதற்கு எஞ்சினியரிடம் ஒரு பக்கக் கடிதம். மூன்றரை டாலர் வாஷர், 150 டாலர் கடிதம்.

தரைதான் அடுத்த சிக்கல். தாழ்வாரத் தளம் மழைநீர் வெளியே ஓடுவதற்காக அடிக்குக் கால் அங்குலம் சாய்வாகப் போடப்பட்டது. பத்தடிக்கு இரண்டரை அங்குலம். அப்படியே விட்டால் மேஜையில் வைத்த பேனா தோட்டத்தைப் பார்த்து உருளும். தளத்தின்மேல் 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) கனப் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, மருந்தேற்றிய இரண்டுக்கு ஆறு கட்டைகளை நீளவாக்கில் சாய்வாக அறுத்தேன். வீட்டுப் பக்கம் ஒன்றரை அங்குலம், தோட்டத்துப் பக்கம் நாலு அங்குலம். பதின்மூன்று கட்டைகள். ஒவ்வொன்றையும் வைத்து மேலே லெவலை வைத்தால் மாமா மூக்குக்கண்ணாடியை இறக்கிக் குமிழியைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார். "இன்னும் ஒரு நூல் இறங்கணும்." ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இங்கத்து டேப்பிலும் அதே கோடுதான் இருக்கிறது. அதன்பிறகு எங்கள் இருவருக்கும் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

தரை ஏறியதால் தோட்டத்துப் பக்கம் கூரையுயரம் ஏழடிக்கு ஓரங்குலம் குறைந்தது. சாய்கூரையானால் தேவையான பரப்பில் பாதிக்காவது ஏழடி இருந்தால் போதும் என்பதால் தப்பித்தோம்.

சுவர், ஜன்னல், வயரிங் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மின்சாரத்துக்கு மட்டும் உரிமம் பெற்றவரை வைத்தேன். கதவுக்குப் பக்கத்திலும் தரையை ஒட்டியும் வரும் கண்ணாடி டெம்பர்டு கண்ணாடியாக, அதாவது உடைந்தால் கூரிய சில்லாகாமல் உதிரும் வகையாக, இருக்க வேண்டும். மூலையில் பொறித்த சின்ன முத்திரையைப் பரிசோதகர் டார்ச் அடித்துத் தேடுவார், ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிடாதீர்கள்.

முடிக்கும் தேதியிலும் வரி இருக்கிறது. ஜனவரி 1-ஆம் தேதி வீடு எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலைக்குத்தான் அடுத்த ஜூலையில் தொடங்கும் ஆண்டின் வரி. அன்றைக்கு வேலை பாதியில் நின்றால் பாதிக்கு மதிப்பு போடுவார்கள், முடிந்ததும் மறுபடி ஒரு கணக்கு. தவிர, வேலை முடிந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து ஜூன் 30 வரைக்கும் தனியாக ஒரு சப்ளிமென்டல் பில் வரும். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் முடித்தால் அப்படி இரண்டு பில். மொத்தத் தொகையில் பெரிய வித்தியாசமில்லை, உறைகள்தான் கூடும். நாங்கள் அக்டோபர் 14-ஆம் தேதி ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் முடித்தோம். மாமா அதற்கு மூன்று வாரம் முன்பே ஊர் திரும்பிவிட்டார், அறையில் ஒரு நாள்கூட உட்காராமல்.

நவம்பரில் மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து கேள்வித்தாள் வந்தது. என்ன கட்டினீர்கள், எப்போது முடித்தீர்கள், எவ்வளவு செலவு. என் செலவு 21,500 டாலர், அதில் ஜன்னல்களும் கதவும் மட்டும் 7,800. அதை அப்படியே எழுதினேன், நானே கட்டியது என்பதையும் எழுதினேன். இங்கே ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும்: ரசீதின் கூட்டுத்தொகை வேறு, சந்தை மதிப்பு வேறு. நம் கூலி நமக்குப் பூஜ்யம், மதிப்பீட்டாளருக்குப் பூஜ்யமில்லை. இதே வேலைக்கு ஒரு கான்ட்ராக்டர் எனக்குக் கொடுத்த விலை 58,000. ஆகவே 21,500-க்குத்தான் வரி போட வேண்டும் என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை.

பிப்ரவரியில் நோட்டீஸ் வந்தது. புதுக் கட்டுமானம், 48,000 டாலர். பயந்ததோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, ஆண்டுக்கு 576 டாலர். கட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் 48,000-ஐ 160-ஆல் வகுத்துப் பார்த்தேன். சதுர அடிக்குச் சரியாக 300. இவ்வளவு வட்டமாக வருகிறதே என்று போன் செய்தேன். கோப்பை எடுத்துப் பார்த்த மதிப்பீட்டாளர், "160 சதுர அடி புதுச் சேர்ப்பு" என்று வாசித்தார். வெறும் மண்ணிலிருந்து எழுப்பிய அறைக்கான விலை அது. கூரையும் தளமும் ஏற்கனவே இருந்தவை. 2014-ல் நான் கொடுத்த 7 லட்சத்துக்குள்ளேயே அவற்றின் விலையும் அடக்கம். அதற்கு மறுபடியும் வரி போடுவதானால் ஒரே பொருளுக்கு இரண்டு தரம்.

அவர் கேட்டது இரண்டே கேள்வி. வீட்டுக்கும் அறைக்கும் நடுவில் பழைய கண்ணாடிக் கதவு இருக்கிறதா, எடுத்துவிட்டீர்களா? இருக்கிறது. கூரையும் தளமும் முன்பே இருந்தன என்பதற்கு ஏதாவது காட்ட முடியுமா?

பெர்மிட்டின் விவர வரியையும், டேப் வைத்த படங்கள் ஆறையும், மாமாவின் படத்தையும் ஒரு பக்கக் கடிதத்தோடு அனுப்பினேன். டேப் வைத்த படங்களில் தளம் மட்டும் தனியாக, தூண் மட்டும் தனியாக இருந்தது. எல்லாம் சேர்ந்து, வீட்டுச் சுவரோடு ஒட்டி, கூரையும் தளமும் ஒரே பார்வையில் தெரிந்தது மாமா காபி குடிக்கும் அந்தப் படத்தில்தான்.

காத்திருந்தபோது ஒரு காரியத்தில் கவனமாக இருந்தேன். சப்ளிமென்டல் நோட்டீஸ் அனுப்பிய தேதியிலிருந்து 60 நாளுக்குள் முறையான மேல்முறையீடு தாக்கல் செய்ய வேண்டும். போனில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக அந்தக் கெடு நிற்காது. படிவத்தை நிரப்பி, 50-ஆம் நாள் அனுப்புவதாகக் காலண்டரில் குறித்து வைத்தேன். 41-ஆம் நாள் திருத்திய நோட்டீஸ் வந்துவிட்டது. 36,000 டாலர், சதுர அடிக்கு 225. கான்ட்ராக்டர் சொன்ன விலையையும் என் ரசீதுகளையும் வைத்துப் பார்த்தால் நியாயமாகவே பட்டது. படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஆண்டுக்கு 432 டாலர் கூடுதல். சப்ளிமென்டல் பில் நவம்பர் 1 முதல் ஜூன் 30 வரை எட்டு மாதத்துக்கு, 0.67-ஆல் பெருக்கி 289 டாலர். வீட்டுக்கடன் தவணையோடு வங்கியே வரியும் கட்டிவிடும் என்று இருப்பவர்கள் உஷார்: இந்தப் பில் பெரும்பாலும் வங்கிக்குப் போகாது, நேரே நம் தபால்பெட்டிக்குத்தான் வரும். கெடு தவறினால் 10 சதவீத அபராதம். கடைத்தெரு விளம்பரக் காகிதங்களோடு சேர்ந்து குப்பைக்குப் போகக்கூடிய உறை அது, என் நண்பர் வீட்டில் போயிருக்கிறது.

இதெல்லாம் கலிஃபோர்னியாவின் கணக்கு. டெக்சஸில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு வேறு மாதிரி. அங்கே ஆண்டுதோறும் ஜனவரி 1-ஆம் தேதி சந்தை மதிப்புதான். சொந்தக் குடியிருப்புக்கு ஆண்டு ஏற்றம் 10 சதவீதம் என்ற வரம்பு உண்டு, ஆனால் புதிதாகக் கட்டியது அந்த வரம்புக்கு வெளியே நிற்கும். என் எண்களை வைத்துக்கொண்டு அவன் கணக்கு போட முடியாது.

திருத்திய நோட்டீஸ் வந்த அன்று மாமாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். உங்கள் படத்தை வைத்துத்தான் 12,000 டாலர் மதிப்பு குறைந்தது என்றேன். தொகையைக் கேட்டு அவர் அசரவில்லை.

"படத்துல டேப் இருந்துச்சா?"

"இல்ல மாமா, நீங்கதான் இருந்தீங்க."

"அப்போ அவங்க சரியா பாக்கல" என்றார். முப்பது வருஷ உத்தியோகம் பேசியது. பிறகு ஜன்னலைத் திறந்து காட்டச் சொன்னார், காற்று வருகிறதா என்று கேட்டார்.

போன மாத மழையில், பழைய கூரை புதுச் சுவரைத் தொடும் வடக்கு மூலையில் ஈரம் தெரிந்தது. ஏணி போட்டுப் பார்த்தேன், தகரத் தடுப்பு அரை அங்குலம் குட்டையாக வெட்டியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை பிரித்து மாற்ற வேண்டும். தகரம் 18 டாலர். பழுதுபார்ப்பு என்பதால் மதிப்பீட்டு அலுவலகத்துக்கு இதில் வேலை இல்லை.